சேலத்து வெள்ளைக்கல்லில் மேக்னீசியம் கார்பனேட் எத்தனை சதவீதம்? பள்ளி ஆய்வகத்திலேயே கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சேலம் ஜங்ஷனிலிருந்து ஓமலூர் பக்கம் போகும் பாதையில் ஒரு ரயில் நிலையத்துக்கே மேக்னசைட் ஜங்ஷன் என்று பெயர். சேர்வராயன் மலையடிவாரத்தில் செட்டிச்சாவடி, கருப்பூர் பக்கம் கரும்பச்சைப் பாறைக்குள் வெள்ளை வெளேரென்று ஓடுகிற கல்தான் மேக்னசைட். அதில் பெரும்பகுதி மேக்னீசியம் கார்பனேட். ஊரில் வெள்ளைக்கல் என்றால் யாருக்கும் தெரியும். மேக்னீசியம் நிறைந்த டியூனைட் பாறையில் கார்பன் டை ஆக்சைடு கலந்த நீர் புகுந்து, பாறையை மெல்ல மெல்ல மாற்றியதால் உண்டானது. இதை எடுப்பதற்காக அரசே 1979-ல் தமிழ்நாடு மேக்னசைட் நிறுவனத்தைத் தொடங்கியது. சுட்டால் கிடைக்கும் மேக்னீசியம் ஆக்சைடு சுமார் 2,850 டிகிரி செல்சியஸில்தான் உருகும். எஃகு உலைகளின் உட்சுவருக்கு இதில் செங்கல் செய்வது அதனால்தான். கல்லில் மணல் சத்து, அதாவது சிலிக்கா, கூடினால் அது மேக்னீசியம் ஆக்சைடோடு சேர்ந்து குறைந்த வெப்பத்தில் இளகும் சிலிக்கேட்டுகளை உண்டாக்கி செங்கல்லைக் கெடுக்கும். ஆகவே இந்தக் கல்லுக்கு விலை சொல்லும் யாரும் முதலில் கேட்பது சதவீதத்தைத்தான்.

அந்தச் சதவீதத்தை ஒரு மேல்நிலைப் பள்ளி ஆய்வகத்தில் கண்டுபிடிக்க முடியும். பியூரெட், பிப்பெட், 250 மி.லி. ஸ்டாண்டர்டு பிளாஸ்க், இரண்டு மூன்று சாதாரண ரசாயனங்கள் போதும். செய்முறை வகுப்பில் வழக்கமாகத் தரும் கரைசலின் வலிமை ஆசிரியரின் நோட்டில் ஏற்கெனவே எழுதியிருக்கும். மாணவர் அந்த எண்ணை நோக்கி நகர்ந்தால் போதும். வெள்ளைக்கல்லுக்கு அப்படி எழுதிவைத்த விடை கிடையாது. கிடைக்கிற எண்ணுக்கு மாணவரே ஜவாப்தாரி. எந்த இடத்தில் எவ்வளவு பிசகும் என்று தெரிந்தால்தான் அந்த எண்ணை நிலைநிறுத்த முடியும். பிளஸ் டூ வேதியியலில் இதைவிட நல்ல பயிற்சி எங்கள் பார்வையில் இல்லை.

முழு வேலைக்கும் மூன்று நாள், நாளுக்கு இரண்டு பீரியடு சேர்த்து ஒதுக்குங்கள். முதல் நாள் கல்லைப் பொடித்துக் காயவைப்பது, இரண்டாம் நாள் கரைப்பது, மூன்றாம் நாள் தரம் பார்ப்பது, அதாவது டைட்ரேஷன்.

கல்லைப் பெறுவது

சுரங்கக் குத்தகை எல்லைக்குள் மாணவர்கள் போகவே கூடாது. கைவிட்ட குழிகளின் ஓரம் சரியும். அனுமதியில்லாமல் கல் எடுப்பது சட்டப்படி குற்றமும்கூட. தலைமையாசிரியர் கடிதத்தோடு முறையாகக் கேட்டு ஒரு கைப்பிடி அளவு வாங்கினால் ஒரு வருடத்துக்குக் காணும். பல பழைய பள்ளிகளின் கனிமப் பெட்டியில் ஒரு துண்டு ஏற்கெனவே கிடக்கும், தேடிப் பாருங்கள்.

நல்ல வெள்ளைக்கல்லை உடைத்த முகம் பீங்கான்போல மழமழப்பாக இருக்கும். பழுப்பேறியிருந்தால் இரும்பு கலந்திருக்கிறது. பச்சை ஒட்டியிருந்தால் அது செர்பென்டைன் என்ற மேக்னீசியம் சிலிக்கேட் கனிமம். பச்சைப் பகுதியில் நார் நாராக ஏதாவது தெரிந்தால் அந்தத் துண்டை அப்படியே ஒதுக்கிவிடுங்கள், பொடிக்கவே வேண்டாம். இந்த வகைப் பாறைகளில் கல்நார் இருக்க வாய்ப்புண்டு. அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு.

முதலில் இது மேக்னசைட்தானா?

ஒப்பிட ஒரு சுண்ணாம்புக்கல் துண்டு வேண்டும். சங்ககிரி பக்கம் சுண்ணாம்புக்கல் தாராளம். கிடைக்காவிட்டால் முட்டை ஓடு போதும். கரும்பலகைச் சாக்பீஸை எடுக்காதீர்கள். பெரும்பாலான சாக்பீஸ் ஜிப்சம். அது கால்சியம் சல்பேட் என்பதால் அமிலத்தில் பொங்காது, மாணவர் குழம்பிப் போவார்.

இரண்டு கற்களின் மேலும் குளிர்ந்த நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒவ்வொரு சொட்டு விடுங்கள். சுண்ணாம்புக்கல் உடனே நுரைக்கும். வெள்ளைக்கல்லில் ஏதோ ஒன்றிரண்டு குமிழி வரும், அல்லது ஒன்றுமே வராது. இங்கேதான் பலர் ‘இது கார்பனேட் இல்லை’ என்று எழுதிவிடுகிறார்கள். அதே கல்லைப் பொடித்து, சோதனைக் குழாயில் அரை ஸ்பூன் எடுத்து, அமிலம் விட்டு வெதுவெதுப்பாகச் சூடு காட்டுங்கள். பொங்கிக்கொண்டு வரும். வெளிவரும் வாயுவைத் தெளிந்த சுண்ணாம்பு நீரில் செலுத்தினால் பால்போல் கலங்கும். இரண்டும் கார்பனேட்தான், மேக்னசைட் குளிரில் மிக மெதுவாக வினைபுரிகிறது, அவ்வளவுதான். வினைவேகப் பாடத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கால்சியமா மேக்னீசியமா என்பதற்குப் பிளஸ் ஒன் உப்புப் பகுப்பாய்வே போதும். கரைசலில் அம்மோனியம் குளோரைடு, அம்மோனியம் ஹைட்ராக்சைடு, அதன்பின் அம்மோனியம் கார்பனேட் சேர்த்தால் கால்சியம் வெள்ளை வீழ்படிவாக இறங்கும். மேக்னீசியம் கரைசலிலேயே நிற்கும். அதை வடிகட்டி, வடிநீரில் டை சோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் கரைசலை விட்டுக் குழாயின் உட்சுவரைக் கண்ணாடிக் கம்பியால் உரசினால் வெள்ளைப் படிகங்கள் தோன்றும். உரசாமல் காத்திருந்தால் பத்து நிமிடம்கூட ஆகும். அம்மோனியம் குளோரைடு குறைந்தால் மேக்னீசியமும் முன்கூட்டியே இறங்கி, கால்சியம் என்று ஏமாற்றும்.

பொடித்தல்: பாதிப் பிழை இங்கேதான்

ஒரே துண்டின் நடுப்பகுதியும் ஓரமும் ஒரே தரத்தில் இருக்காது. ஆகவே குறைந்தது 50 கிராம் கல்லை எடுத்து, தடித்த துணிப்பைக்குள் வைத்துச் சுத்தியலால் உடையுங்கள். கண்ணாடி, முகக்கவசம் போட்டபிறகே இந்த வேலை. கடலை அளவுத் துண்டுகளானதும் இரும்பு உரலில் இடியுங்கள். லேசாக நீர் தெளித்துக்கொண்டால் தூசி எழாது.

இடித்த பொடியைக் காகிதத்தில் கூம்பாகக் குவித்து, தட்டையாக்கி, கூட்டல் குறிபோல நான்காகப் பிரியுங்கள். எதிரெதிரான இரண்டு பங்கை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளுங்கள். மறுபடி கலந்து, குவித்து, பிரியுங்கள். கடைசியில் 10 கிராம் அளவு வரும்போது நிறுத்தி, அதை மட்டும் மாவாக அரைத்து நைஸான துணியில் சலியுங்கள். சல்லடையில் நின்ற கப்பியைத் தூக்கிப் போடக் கூடாது. கடினமான சிலிக்கேட் பகுதிதான் கப்பியாக நிற்கும். அதைத் தள்ளினால் கல் தன் உண்மைத் தரத்தைவிட உயர்ந்ததாகத் தோன்றும். முழுவதும் துணியைத் தாண்டும்வரை அரைக்க வேண்டும்.

இரும்பு உரலிலிருந்து இரும்புத் துகள் பொடியில் கலக்கும். 28 கிராம் இரும்பு உண்ணும் அமிலமும் 42 கிராம் மேக்னீசியம் கார்பனேட் உண்ணும் அமிலமும் ஒரே அளவு. கொஞ்சம் இரும்பு இருந்தாலும் சதவீதம் ஏறிவிடும். ஒரு காந்தத்தை மெல்லிய காகிதத்தில் சுற்றி, பரப்பிய பொடியின் மேல் நாலைந்து முறை இழுங்கள். காகிதத்தில் கருந்துகள் ஒட்டிக்கொண்டு வரும். ஒட்டாத வரை தொடருங்கள்.

பிறகு 110 டிகிரியில் ஒரு மணி நேரம் காயவைத்து, மூடிய புட்டியில் ஆறவிடுங்கள். ஆய்வகத்தில் அடுப்பு இல்லாவிட்டால், மணல் பரப்பிய இரும்புத் தட்டில் பீங்கான் கிண்ணத்தை வைத்துச் சின்னத் தீயில் சூடாக்கலாம். வெப்பமானியை மணலில் நட்டு 120-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தராசு

1 கிராம் மாதிரியை 0.01 கிராம் வரை காட்டும் தராசில் நிறுத்தால் எடையிலேயே ஒரு சதவீதம் சந்தேகம் வந்துவிடுகிறது. உங்களிடம் அந்தத் தராசுதான் என்றால் 1.50 கிராம் எடுங்கள்; பிழை 0.7 சதவீதத்துக்குள் அடங்கும். 1.80-ஐத் தாண்டாதீர்கள். தாண்டினால் நாம் சேர்க்கப்போகும் அமிலத்தில் பெரும்பகுதி கல்லுக்கே போய்விடும், தரம் பார்க்க மிச்சம் மிகக் குறைவாகவே கிடைக்கும்.

சேலத்துக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. வெள்ளிக் கொலுசு ஊர் இது. நகைக்கடைகளிலும் பட்டறைகளிலும் நுட்பமான தராசு இருக்கும். 0.001 கிராம் காட்டும் தராசு தெரிந்த கடையில் இருந்தால், ஆசிரியர் ஒரு நாள் போய்ப் பத்துப் பொட்டலம் நிறுத்து, ஒவ்வொன்றிலும் எடையை எழுதி ஒட்டிக் கொண்டுவரலாம். காலிப் பொட்டலத்தின் எடையை முன்பே குறித்துக்கொள்ளுங்கள். பொடியைக் குடுவையில் கொட்டியபின் பொட்டலத்தில் ஒட்டிய தூள் எவ்வளவு என்பதையும் கணக்கில் கொண்டுவர வேண்டும். சுலபமான வழி, காகிதத்தில் ஒட்டியதைக் கழுவுபுட்டி நீரால் குடுவைக்குள்ளேயே அலசிவிடுவது.

ஏன் நேரடியாகத் தரம் பார்க்க முடியாது

கல் நீரில் கரையாது. அமிலத்தோடும் மெதுவாகத்தான் வினைபுரியும். பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக அமிலம் விட்டு முடிவு நிலைக்காகக் காத்திருந்தால் பொழுது சாய்ந்துவிடும். ஆகவே அளவு தெரிந்த அமிலத்தைத் தேவைக்கு மேல் ஊற்றி, கல் எடுத்துக்கொண்டது போக மிச்சத்தைச் சோடியம் ஹைட்ராக்சைடால் அளக்கிறோம். இதைத்தான் பின்தரம் பார்த்தல் என்கிறோம்.

ஒரு கிராம் தூய மேக்னீசியம் கார்பனேட்டுக்கு 23.7 மில்லி சமானம் அமிலம் வேண்டும் (மூலக்கூறு நிறை 84.31, சமான நிறை 42.16). நார்மல் என்பது கரைசலின் வலிமையைச் சொல்லும் அலகு; 1 நார்மல் கரைசலின் ஒவ்வொரு மி.லி.யிலும் 1 மில்லி சமானம் இருக்கும். நாம் ஊற்றுவது 1 நார்மல் அமிலம் 50 மி.லி., அதாவது 50 மில்லி சமானம். பாதிக்கு மேல் மிச்சம் நிற்கும். இந்த அளவுகள் தற்செயலாக வந்தவை இல்லை. மிச்சத்தை 250 மி.லி. ஆக்கி 20 மி.லி. எடுத்தால் 0.1 நார்மல் காரம் 20 மி.லி.யிலிருந்து 25 மி.லி.க்குள் செலவாகும்படி அமைத்தவை. பியூரெட்டைப் படிப்பதற்கு வசதியான இடம் அதுதான்.

கரைசல்கள்

ஹைட்ரோகுளோரிக் அமிலம், 1 நார்மல்: 35 சதவீத அடர் அமிலம் 45 மி.லி.யை, 400 மி.லி. காய்ச்சி வடித்த நீருக்குள் மெதுவாக ஊற்றி, 500 மி.லி. ஆக்குங்கள். அமிலத்தை நீரில்தான் ஊற்ற வேண்டும். வலிமை துல்லியமாக 1 ஆக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. கல் போடாமல் இதே முறையில் செய்யும் ஒப்பீட்டுச் சோதனை, அதாவது பிளாங்க், அதைப் பார்த்துக்கொள்ளும்.

சோடியம் ஹைட்ராக்சைடு, 0.1 நார்மல்: லிட்டருக்கு 4 கிராம். வில்லைகள் காற்றிலிருந்து நீரையும் கார்பன் டை ஆக்சைடையும் உறிஞ்சுவதால் எடையை நம்ப முடியாது. ஆக்சாலிக் அமிலத்தை வைத்துத் தரப்படுத்துங்கள். படிக ஆக்சாலிக் அமிலம் 1.576 கிராமை 250 மி.லி.யில் கரைத்தால் 0.1 நார்மல். இதற்கு பினாப்தலீன்தான் நிறங்காட்டி. மெத்தில் ஆரஞ்சு ஆகாது.

நீர் விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். சேலம் சுற்றுவட்டத்துப் போர்வெல் நீர் பல இடங்களில் கடினமானது. லிட்டருக்கு 300 மி.கி. காரத்தன்மையுள்ள நீரைக் கல் கரைசலில் மட்டும் 200 மி.லி. ஊற்றினால் அதுவே 1.2 மில்லி சமானம் அமிலத்தைத் தின்றுவிடும், சதவீதத்தில் 5 வரை ஏற்றிவிடும். காய்ச்சி வடித்த நீர் தீர்ந்துவிட்டால் பேட்டரி கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள்.

கரைத்தல்

ஒரே மாதிரி இரண்டு 250 மி.லி. கூம்புக் குடுவைகள். ஒன்றில் எடைபோட்ட பொடி. மற்றது காலி, அதுதான் பிளாங்க். இரண்டிலும் பிப்பெட்டால் 50 மி.லி. அமிலம். 25 மி.லி. பிப்பெட்தான் இருந்தால் இரண்டு முறை. வாயால் உறிஞ்சாமல் ரப்பர் பல்பைப் பயன்படுத்துங்கள். கடைசிச் சொட்டை ஊதித் தள்ளக் கூடாது, குடுவையின் சுவரில் நுனியைத் தொட்டு எடுத்தால் போதும்.

இரண்டு குடுவையின் வாயிலும் சின்னப் புனலைக் கவிழ்க்காமல் நேராக வையுங்கள். குமிழி வெடித்துத் தெறிக்கும் அமிலம் புனலில் பட்டுத் திரும்ப உள்ளே வடியும். கொதிநிலைக்குச் சற்றுக் கீழே 20 முதல் 30 நிமிடம் சூடாக்குங்கள். ஏற்காட்டுப் பள்ளிகளில் நீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதிக்கும். நீர்த்தொட்டியில் வைத்துச் செய்தால் ஐந்து நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். குமிழி வருவது முற்றிலும் நின்றபின் ஐந்து நிமிடம் பார்த்து இறக்கலாம்.

ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டால் இன்னும் நன்றாகக் கரையுமே என்று தோன்றும். செர்பென்டைன் ஒட்டியிருந்தால் சூடான அமிலம் அதையும் அரிக்கத் தொடங்கும். அந்த மேக்னீசியமும் கார்பனேட் கணக்கில் சேர்ந்துவிடும். நீர் வற்றுமளவு விட்டால் அமிலமே ஆவியாகிப் போகும். அதுவும் கல் தின்றதாகவே கணக்கில் விழும். இரண்டு பிசகும் சதவீதத்தைக் கூட்டும் பக்கமே இழுக்கின்றன.

அடியில் கொஞ்சம் கரையாத வண்டல் நிற்கும். அது சிலிக்கேட். குடுவை அறை வெப்பத்துக்கு ஆறியபின்னரே 250 மி.லி. ஸ்டாண்டர்டு பிளாஸ்க்குக்கு மாற்றுங்கள். புனலையும் குடுவையையும் மூன்று முறை சிறிது சிறிதாக அலசி அதையும் சேர்த்து, குறி வரை நிரப்பி, மூடி, இருபது முறை தலைகீழாகக் கவிழ்த்துக் கலக்குங்கள். சூட்டோடு குறி வரை நிரப்பினால், ஆறும்போது மட்டம் இறங்கி வலிமை தவறும். பிளாங்க் குடுவைக்கும் இதே சூடு, இதே நேரம், இதே நீர். எல்லாவற்றையும் ஒரேபோலச் செய்தால்தான் நீரிலும் அமிலத்திலும் உள்ள பிழைகள் கழித்தலில் காணாமல் போகும்.

வண்டல் படியட்டும். அவசரமென்றால் காய்ந்த வடிதாளில், காய்ந்த பீக்கருக்குள் வடிகட்டுங்கள். முதலில் வரும் 20 மி.லி.யைக் கொட்டிவிட்டு அடுத்து வருவதைப் பயன்படுத்துங்கள். வடிதாளை நீர் விட்டுக் கழுவாதீர்கள். கழுவினால் கரைசல் நீர்த்துவிடும்.

தரம் பார்த்தல்

பியூரெட்டைச் சோடியம் ஹைட்ராக்சைடால் அலசுங்கள், பிப்பெட்டை எடுக்கப்போகும் கரைசலால் அலசுங்கள், கூம்புக் குடுவையை வெறும் நீரால் மட்டும். நுனியில் காற்றுக்குமிழி நிற்கிறதா என்று பாருங்கள். நடுவில் அது வெளியேறினால் அரை மி.லி. பொய்யாகக் கூடும்.

20 மி.லி. கரைசல், இரண்டே சொட்டு மெத்தில் ஆரஞ்சு. பிள்ளைகள் நிறம் நன்றாகத் தெரியட்டும் என்று ஐந்தாறு சொட்டு விடுவார்கள். அப்போது மாற்றம் மங்கலாக நீண்டு, எங்கே நிறுத்துவது என்று புரியாமல் போகும்.

பினாப்தலீன் இங்கே ஏன் வேண்டாம் என்றால், கரைசலில் மேக்னீசியம் இருக்கிறது. காரத்தன்மை ஏறி பி.ஹெச். 9-ஐத் தாண்டும்போது மேக்னீசியம் ஹைட்ராக்சைடு வீழ்படிவாகி ஹைட்ராக்சைடை இழுத்துக்கொள்ளும். இளஞ்சிவப்பு வந்து வந்து மறையும். மாணவர் விட்டுக்கொண்டே இருப்பார். மெத்தில் ஆரஞ்சு 3.1-க்கும் 4.4-க்கும் இடையிலேயே மாறிவிடுவதால் அந்தத் தொல்லை இல்லை.

சிவப்பு மங்கி ஆரஞ்சாகி மஞ்சளாகும். சிவப்புச் சாயை முழுதும் போன முதல் சொட்டில் நிறுத்துங்கள். குடுவைக்கு அடியில் வெள்ளை ஓடு கட்டாயம். பிளாங்க்கில் முதலில் முடிந்த குடுவையைக் கொட்டாமல் பக்கத்தில் வைத்து, மற்ற எல்லாவற்றையும் அந்த நிறத்துக்கே கொண்டுவாருங்கள். பார்க்கும் கண் மாறினாலும் நிறம் மாறாது. நிறக்குருடு உள்ள மாணவர் இருந்தால், அவர் பியூரெட்டைப் படிக்கட்டும். நிறத்தை இன்னொருவர் சொல்லட்டும்.

பிளாங்க்குக்குச் சுமார் 40 மி.லி. காரம் செலவாகும் என்பதால் ஒவ்வொரு முறையும் பியூரெட்டைச் சுழியிலிருந்து நிரப்புங்கள். 0.1 மி.லி.க்குள் ஒத்த அளவு இரண்டு கிடைக்கும்வரை திரும்பச் செய்ய வேண்டும். ஒத்துவருவதற்காக எண்ணைத் திருத்துவது ஆய்வகத்தில் செய்யக்கூடிய பெரிய அநியாயம். ஒத்துவரவில்லை என்பதே ஒரு தகவல்: பெரும்பாலும் கரைசல் சரியாகக் கலங்கவில்லை, இல்லையென்றால் பிப்பெட்டில் வண்டல் ஏறியிருக்கிறது.

கண்ணாடித் திருகு உள்ள பியூரெட்டானால் வேலை முடிந்த கையோடு நீரால் கழுவித் திருகைக் கழற்றி வையுங்கள். காரம் இரவு முழுக்க நின்றால் திருகு இறுகிப்போகும். அப்புறம் அதைத் திருப்ப முயன்றால் உடையும்.

கணக்கு

ஒரு மாதிரிக் கணக்கைப் பார்க்கலாம். பொடி 1.012 கிராம். காரத்தின் வலிமை 0.0985 நார்மல். பிளாங்க் 40.3 மி.லி., கல் கரைசல் 22.4 மி.லி.

வித்தியாசம்: 40.3 − 22.4 = 17.9 மி.லி.
20 மி.லி.யில் கல் எடுத்துக்கொண்ட அமிலம்: 17.9 × 0.0985 = 1.763 மில்லி சமானம்.
250 மி.லி.க்கு: 1.763 × 12.5 = 22.04 மில்லி சமானம்.
மேக்னீசியம் கார்பனேட்: 22.04 × 42.16 = 929 மி.கி.
சதவீதம்: 929 ÷ 1012 × 100 = 91.8.

கால்குலேட்டர் 91.8-க்கு அப்புறமும் ஆறு இலக்கம் காட்டும். எழுதாதீர்கள். வித்தியாசத்தில் 0.1 மி.லி. மாறினாலே விடை 0.5 சதவீதம் நகரும். ஆகவே நேர்மையான விடை ‘சுமார் 92 சதவீதம், 1 கூடவோ குறையவோ இருக்கலாம்’ என்பதே.

இந்த முறை அளப்பது மொத்தக் கார்பனேட்டை. கல்லில் கால்சியம் கார்பனேட்டும் இருந்தால் அதையும் மேக்னீசியம் என்றே எண்ணும். கால்சியம் கார்பனேட்டின் சமான நிறை 50 என்பதால், ஒரு கிராம் கால்சியம் கார்பனேட் இந்தக் கணக்கில் 0.84 கிராம் மேக்னசைட்டாகத் தெரியும். உப்புப் பகுப்பாய்வில் கால்சியம் வீழ்படிவு கணிசமாக வந்திருந்தால் அறிக்கையில் ‘மேக்னீசியம் கார்பனேட்டாகக் கணக்கிட்ட மொத்தக் கார்பனேட்’ என்று எழுதுங்கள்.

விடை 100-ஐத் தாண்டினால்: தெறிப்பு, ஆவியாதல், இரும்புத் துகள், பிளாங்க்குக்கு வேறு நீர். இந்த வரிசையிலேயே தேடுங்கள். 80-க்குக் கீழே வந்தால் பொடி கப்பியாக இருந்து முழுதும் கரையவில்லையா என்று முதலில் பாருங்கள். வண்டலில் ஒரு சிட்டிகை எடுத்து அடர் அமிலம் ஒரு சொட்டு விட்டுச் சூடாக்குங்கள். குமிழி வந்தால் கல் இன்னும் மிச்சம் இருக்கிறது.

வகுப்பில் எட்டுக் குழு செய்தால் எட்டு எண் வரும். பத்தாம் வகுப்புக் கணிதத்தில் படித்த சராசரியையும் திட்ட விலக்கத்தையும் அதற்குப் போட்டுப் பாருங்கள். ஒரே ஒரு குழு மட்டும் வெகுதூரம் விலகியிருந்தால், காரணம் கண்டுபிடித்தால் மட்டும் அதை நீக்கலாம். காரணம் தெரியாவிட்டால் அது பட்டியலிலேயே இருக்கட்டும்.

சுட்டுப் பார்ப்பது

மேக்னசைட்டைச் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு போய் ஆக்சைடு மிஞ்சும், தூய்மையானதில் 52.2 சதவீதம் எடை குறையும். பள்ளி பர்னரில் புடக்குகையை 40 நிமிடம் சுட்டாலும் நடுப்பகுதி முழுதும் சிதையாமல் நிற்பது வழக்கம், ஆகவே எடை மாறாத வரை திரும்பத் திரும்பச் சுட வேண்டும். எரிவாயுச் செலவைப் பார்த்தால் இது இரண்டாவது சான்றாக ஒருமுறை செய்து காட்டத்தான் சரி. சுட்ட பொடியில் சூடான அமிலம் விட்டால் குமிழி வரக் கூடாது.

மலை மேலும் மலை கீழும்

சேலத்துப் பள்ளி ஒன்றும் ஏற்காட்டுப் பள்ளி ஒன்றும் ஒரே பொடியைப் பகிர்ந்துகொண்டால் செய்யக்கூடிய அருமையான சோதனை ஒன்று உண்டு. 0.100 கிராம் பொடி (இதற்கு 0.001 கிராம் தராசு கட்டாயம்), ஒரு கொதிகுழாய், ஒற்றைத் துளை ரப்பர் அடைப்பான், மருந்துக்கடையில் கிடைக்கும் 60 மி.லி. சிரிஞ்ச், சிறு ரப்பர் குழாய். பொடியை டிஷ்யூ காகிதத்தில் சுருட்டிக் குழாயின் வாயருகே செருகி, அடியில் 2 நார்மல் அமிலம் 3 மி.லி. வைத்து, அடைத்தபின் சாய்த்துப் பொட்டலத்தை விழச்செய்யுங்கள். சூடான நீரில் வைத்தால் சிரிஞ்சின் தண்டு வெளியே நகரும். வினை முடிந்ததும் குழாயை அறை வெப்ப நீரில் நன்றாக ஆறவிட்டு, தண்டை இரண்டு மூன்று முறை சுழற்றி உராய்வைப் போக்கி, அளவைப் படியுங்கள். சூட்டோடு படித்தால் நீராவியும் விரிந்த காற்றும் சேர்ந்து கணக்கையே கெடுக்கும்.

சேலத்தில் காற்றழுத்தம் சுமார் 98 கிலோ பாஸ்கல், வெப்பம் 30 டிகிரி என்று கொண்டால், வாயு விதிப்படி ஒரு மோல் 25.7 லிட்டர் இடம் பிடிக்கும். தூய கல் 0.100 கிராமுக்கு 30.5 மி.லி. வாயு. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டில் அழுத்தம் சுமார் 85, வெப்பம் 22 டிகிரி. ஒரு மோலுக்கு 28.9 லிட்டர், வாயு 34.3 மி.லி. மேலே குளிர் என்பதால் வாயு சுருங்கும் என்றுதான் பிள்ளைகள் முதலில் சொல்வார்கள். குளிர் சுருக்குவதைவிடக் குறைந்த அழுத்தம் விரிப்பது அதிகம் என்பதை எண்ணே காட்டிவிடுகிறது. கொஞ்சம் வாயு அமிலத்திலேயே கரைந்து நிற்கும், கொஞ்சம் நீராவி கூடச் சேரும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றையொன்று ஈடுசெய்யும். 22.4 லிட்டர் என்று மனப்பாடம் செய்த எண்ணைப் போட்டு இதைக் கணக்கிட்டால் சேலத்தில் கல் 115 சதவீதம் தூய்மை என்றும், ஏற்காட்டில் 129 சதவீதம் என்றும் வரும். அந்த எண் சுழி டிகிரிக்கும் கடல்மட்ட அழுத்தத்துக்கும் உரியது.

ரெக்கார்டு நோட்டில் எழுத வேண்டியவை

கல் எங்கிருந்து யார் அனுமதியோடு கிடைத்தது, நிறம், எத்தனை கிராமிலிருந்து பிரித்து எடுத்தது, காந்தத்தில் ஒட்டியது உண்டா, தராசு எத்தனை இலக்கம், நீர் எந்த நீர், சூடாக்கிய நிமிடங்கள், பிளாங்க் உட்பட எல்லா பியூரெட் அளவீடுகளும், தள்ளியவையும் சேர்த்து. மிச்சப் பொடியை அதே எண்ணிட்ட புட்டியில் வையுங்கள். அடுத்த வருட மாணவர்கள் சரிபார்க்க அது வேண்டும். மிஞ்சிய அமிலத்தைத் தொட்டியில் கொட்டும் முன், நான்காகப் பிரித்தபோது தள்ளிய வெள்ளைக்கல் தூளை அதில் போட்டு ஓர் இரவு வையுங்கள். காலையில் லிட்மஸ் காட்டிப் பார்த்து, சிவக்கவில்லை என்றால் நிறைய நீர் விட்டுக் கொட்டலாம்.